பேசாமல் போன டேப்லெட்: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு டாக்பேக் நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய்க் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலூகா. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று வரும் பஞ்சாயத்துகளில் வீட்டில் பேசுவது தமிழ், ஆபீஸ் தாளில் இருப்பது மலையாளம், பேங்க் அனுப்பும் மெசேஜ் இங்கிலீஷ். கண் தெரிந்தவருக்கே இது தலைவலி. கண் தெரியாதவருக்குத் திரையைப் படித்துச் சொல்ல வேண்டிய ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக், இந்த மூன்றுக்கும் நடுவில் அடிக்கடி வாயடைத்து நிற்கிறது. ஏன் நிற்கிறது, எப்படிப் பேச வைப்பது என்பதுதான் இங்கே பொருள். இதில் வரும் அம்மா ஒரே ஒருவர் அல்ல. இந்தப் பக்கம் திரும்பத் திரும்ப நேரும் சிக்கல்களை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்லியிருக்கிறது.

ஆளும் கருவியும்

வயது 61. தமிழ் மீடியத்தில் எட்டாம் வகுப்பு. மலையாளம் கேட்டால் முழுக்கப் புரியும், சரளமாகப் பேசவும் வரும். எழுத்து மட்டும் தெரியாது. இரண்டு கறவை மாடு, இரு வேளையும் சொசைட்டிக்குப் பால். சர்க்கரை நோயில் விழித்திரை கெட்டு வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் மிச்சம். இடது கண்ணின் ஓரத்தில் உருவங்கள் நிழலாகத் தெரியும்.

கருவி 10.1 அங்குல டேப்லெட், ஆண்ட்ராய்டு 13, சிம் போடும் வகை. கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி டாக்பேக்கை ஆன் செய்து, எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பதினைந்தாம் நாள் டேப்லெட் பீரோவுக்குள் போய்விட்டது.

புகார் இரண்டு. “தட்டுனா வேற எங்கயோ போயிருது.” இது முதலாவது. “நல்லாப் பேசிட்டே இருக்குது, திடீர்னு வாயடச்சுப் போயிருது.” இது இரண்டாவது. வீட்டில் இரண்டையும் சேர்த்து ‘அம்மாவுக்கு இது வராது’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். முதல் புகாருக்குக் காரணம் விரல். இரண்டாவதற்கும் விரலுக்கும் சம்பந்தமே இல்லை.

வாங்கும்போதே ஒரு தவறு நடந்திருந்தது. பெரிய திரை சுலபமாக இருக்கும் என்று நினைத்து 10 அங்குலம் எடுத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அளவுக்குப் பார்வை இருப்பவருக்கு அது சரி. கேட்டே நடத்த வேண்டியவருக்குப் பெரிய திரையால் கூடுவது விரல் நடக்க வேண்டிய தூரம்தான். 8 அங்குலம் போதும், மடியிலும் அடங்கும். இன்னொன்று, போனில் விரல் ஒவ்வொன்றின்மேல் ஏறும்போதும் சின்ன அதிர்வு வரும். பல டேப்லெட்டுகளில் அதிர்வு மோட்டாரே கிடையாது. அங்கே ‘டிக்’ சத்தம் ஒன்றுதான் துணை. அதைத் தொல்லை என்று நினைத்து அணைத்து வைத்திருந்தார்கள்.

தட்டினால் வேறெங்கோ போவது ஏன்

டாக்பேக் ஆன் ஆனதும் தொடுதிரையின் இலக்கணமே மாறிவிடுகிறது. சாதாரணமாகத் தொட்ட இடம் திறக்கும். டாக்பேக்கில் தொட்ட இடத்தின் பெயரைச் சொல்லும், அவ்வளவுதான். அந்தப் பெயரின்மேல் கண்ணுக்குத் தெரியும் ஒரு கட்டம் போய் உட்காரும். அதைக் கவனக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு திரையில் எங்கே இருமுறை தட்டினாலும், கட்டம் எதன்மேல் இருக்கிறதோ அது திறக்கும். விரல் ஓரிடத்தில் இருக்கலாம், கட்டம் வேறிடத்தில் இருக்கலாம். இந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அம்மாவுக்கு இது பிடிபடாமல் போனதற்கு மிச்சமிருந்த பார்வைதான் காரணம். இடக்கண் ஓரத்தில் பச்சையாக ஏதோ தெரிகிறது, அது வாட்ஸ்அப் என்று தெரியும், முகத்தைத் திருப்பிக் குனிந்து அதையே குறிபார்த்துத் தட்டுவார். முதல் தட்டு பக்கத்து ஐகானில் விழுந்தால் கட்டம் அங்கே போகும், இரண்டாவது தட்டில் அது திறந்துவிடும். பார்வை கொஞ்சம் இருப்பவர்கள் பழக்கத்தில் தடுமாறுவதை அடிக்கடி காணலாம். முழுதும் பார்வை இல்லாதவர்கள் காதை நம்பி சீக்கிரம் ஏறிவிடுவார்கள். அதனால் பயிற்சி நேரத்தில் டாக்பேக் மெனுவில் உள்ள ‘திரையை மறை’ என்பதைப் போட்டுத் திரையைக் கருப்பாக்கியது பலன் தந்தது. அன்றாடம் அப்படியே வைக்கத் தேவையில்லை. இருபது நிமிடப் பயிற்சிக்கு மட்டும்.

இரண்டாவது காரணம் வேகம். விரல் மெதுவாக நகர்ந்தால் டாக்பேக் அதைத் ‘தடவிப் பார்க்கிறார்’ என்று எடுத்துக்கொள்ளும். விருட்டென்று நகர்ந்தால்தான் ‘அடுத்ததுக்குப் போ’ என்று எடுக்கும். ‘ஸ்வைப் பண்ணுங்க’ என்று சொல்லிக் கொடுத்தால் அம்மா நிதானமாக, மாவு தேய்ப்பதுபோல், திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்தார். வழியில் உள்ள ஐந்தாறு பெயர்களும் அரைகுறையாக ஒலித்தன. இங்கே சொல்லை மாற்றியதில் வேலை சுலபமாயிற்று. பேத்தியும் அம்மாவும் நான்கு சொல் பேசி வைத்துக்கொண்டார்கள்: தடவு, தள்ளு, தட்டு, மடக்கு. தடவு என்றால் விரலை எடுக்காமல் மெதுவாக. தள்ளு என்றால் மூன்று நான்கு சென்டிமீட்டர், சட்டையில் ஒட்டிய உமியைத் தட்டிவிடுகிற வேகத்தில். “இழுக்காதீங்க அம்மாயி, சட்டுன்னு தள்ளுங்க” என்று போனில் சொன்னாலே பிறகு போதுமானதாக இருந்தது.

தட்டுவதிலும் வேகம் உண்டு. முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையே ஆண்ட்ராய்டு காத்திருப்பது சுமார் 0.3 விநாடி. அதைத் தாண்டினால் இரண்டு தனித்தனித் தட்டாகக் கொண்டு பெயரை இருமுறை சொல்லிவிட்டு நின்றுவிடும். கதவைத் தட்டும் வேகம்தான் சரியான அளவு.

மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடித்தது. ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பெயர் வர வேண்டும். பல நேரம் பக்கமே நகர்ந்தது. இடக்கையால் டேப்லெட்டைப் பிடித்திருந்தபோது அந்தக் கட்டைவிரலின் சதை கண்ணாடி ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. டாக்பேக்குக்கு அது இரண்டு விரல். இரண்டு விரல் என்றால் ஸ்க்ரோல். மெல்லிய விளிம்புள்ள டேப்லெட்டுகளில் இது ஓயாத தொல்லை. கையில் பிடிக்காமல் மேசையில் சாய்வாக நிறுத்தி வைத்ததும் தொல்லை அன்றே ஒழிந்தது. ரொட்டி டப்பாவின்மேல் சாய்த்து வைத்தாலும் சரிதான், வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி.

விரலின் தோலையும் பார்க்க வேண்டும். சாணியும் வைக்கோலுமாகப் புழங்கும் கையில் காய்ப்பு ஏறியிருக்கும். சர்க்கரை நீண்ட நாள் இருந்தால் விரல் நுனி வறண்டு, உணர்ச்சியும் குறைந்திருக்கும். தொடுதிரை அழுத்தத்தை அறிவதில்லை, தோலின் மின்னூட்டத்தைத்தான் அறிகிறது. காய்ந்த காய்ப்புத் தோலை அது சில நேரம் காணாமல் விடும். நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பகுதியைப் படுக்க வைத்துத் தொடுவது, தடித்த ஒட்டுக் கண்ணாடியை எடுத்துவிடுவது, செட்டிங்ஸில் ‘தொடு உணர்திறன்’ இருந்தால் அதை ஆன் செய்வது: மூன்றும் உதவின. பால் கறந்த ஈரக்கையோடு தொட்டால் துளிகளே விரலாகிக் கண்டதெல்லாம் திறக்கும். சர்க்கரை பார்க்க ஊசி குத்தும் விரலைத் தவிர்த்து, வேறொரு விரலைத் தள்ளுவதற்கு ஒதுக்குவது நல்லது. வலிக்கும் விரல் தயங்கும், தயங்கினால் தள்ளுவது தடவுவதாகிவிடும்.

ட வரைதல்

மடக்குச் சைகைகள், அதாவது தள்ளிக்கொண்டே போய் விரலை எடுக்காமல் திசை திருப்புபவைதான், எல்லாரும் பயப்படும் இடம். தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. டாக்பேக் மெனுவைத் திறக்கும் சைகை மேலிருந்து கீழே வந்து, விரலை எடுக்காமல் வலப்பக்கம் போவது. அது ‘ட’. டாக்பேக்குக்கு ட. எட்டாம் வகுப்பு போதும்.

அதே ‘ட’வைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடப்பக்கம் திருப்பினால், அதாவது கீழே வந்து இடது, பின்னால் போகும். மேலே போய் இடப்பக்கம் மடக்கினால் முகப்புக்கு வரும். வலப்பக்கம் போய்க் கீழே மடக்கினால் அறிவிப்புகள். இடப்பக்கம் போய் மேலே மடக்கினால் அண்மையில் திறந்த செயலிகள். இது இல்லாமலும் காலம் ஓடும்.

மூன்று விரலால் ஒருமுறை தட்டினாலும் டாக்பேக் மெனு வரும். ஆனால் பழைய ஆண்ட்ராய்டுகளில் பல விரல் சைகைகள் கிடையாது, அங்கே ‘ட’தான் வழி. புதியதிலும் விரல் நடுங்குகிறவர்களுக்கு மூன்று விரலையும் ஒரே நேரத்தில் இறக்குவது ‘ட’வைவிடக் கஷ்டம்.

மடக்குச் சைகை தோற்பது பெரும்பாலும் மூலையில். கோலம் போடுகிறவர் கை மூலையில் ஒரு கணம் நிற்கும், அடுத்த இழையை யோசிக்கும். இங்கே நின்றால் கெட்டது. அழகாக வளைத்தாலும் கெட்டது, வளைவைச் சாய்கோடாக எடுத்து வேறொன்றைச் செய்யும். இரு கோடும் ஏறத்தாழ ஒரே நீளம், கூர்மையான முனை, ஒரே மூச்சு. டாக்பேக் செட்டிங்ஸில் சைகைப் பயிற்சிக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே என்ன வரைந்தாலும் எதுவும் திறக்காது, வரைந்தது என்ன சைகை என்று மட்டும் சொல்லும். முதல் வாரம் முழுக்க அம்மா அங்கேயேதான் இருந்தார். வாட்ஸ்அப்பில் போய்ப் பழகினால் யாருக்காவது வீடியோ கால் போய்விடுகிறது என்ற பயமே பாதி விரலைக் கட்டிப்போடும்.

திரை சுழல்வதை முதல் நாளே பூட்டிவிட வேண்டும். டேப்லெட் கொஞ்சம் சாய்ந்தாலும் படம் திரும்பிக்கொள்ளும். கண் தெரியாதவருக்கு அது திரும்பியதே தெரியாது. அவர் வரையும் ‘கீழே’ திரைக்குப் ‘பக்கவாட்டு’ ஆகிவிடும். நட்டமாக வைத்துப் பூட்டி, சார்ஜ் குத்தும் துளை எப்போதும் கீழே என்று முடிவு செய்தாகிவிட்டது. கவரின் பின்புறத்தில் வால்யூம் பட்டனுக்கு நேராக ஒரு ஸ்டிக்கர் பொட்டு, கல் வைத்தது. பவர் பட்டனுக்கு நேராகக் கல் இல்லாத பெரிய பொட்டு. கண்ணாடிமேல் எதையும் ஒட்டக் கூடாது.

கீழே மூன்று பட்டன் வரும் பழைய முறையைப் போடுவதா, விளிம்பிலிருந்து இழுக்கும் புதிய முறையா என்ற கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம்: மூன்று பட்டன். புதிய முறையில் டாக்பேக் இருக்கும்போது விளிம்பிலிருந்து இரண்டு விரலால் இழுக்க வேண்டியிருக்கும். அது ஸ்க்ரோலோடு குழம்பும்.

மூன்று எழுத்தும் ஒரு குரலும்

இனி இரண்டாவது புகார். டேப்லெட் எப்போது வாயடைக்கிறது என்று இரண்டு நாள் குறித்து வைத்ததில் விடை கிடைத்துவிட்டது. சொசைட்டி மெசேஜில் பேசியது. மகன் திருப்பூரிலிருந்து அனுப்பிய தமிழ் மெசேஜில் பேசியது. வார்டு வாட்ஸ்அப் குழுவில் வாயடைத்தது. அனுப்பியவர் பெயரும் நேரமும் சொல்லும், நடுவில் செய்தி மட்டும் காணாமல் போகும். அந்தக் குழுவில் வருவது மலையாளம்.

திரை வாசிப்பான் வேறு, குரல் எஞ்சின் வேறு. டாக்பேக் எழுத்தை எடுத்துக் கொடுக்கும்; அதை ஒலியாக்குவது கூகுள் பேச்சுச் சேவை போன்ற எஞ்சின். தமிழ்க் குரலுக்குத் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் வாசிக்கத் தெரியும். மலையாள எழுத்தைக் கொடுத்தால் எஞ்சினைப் பொறுத்துச் சும்மா தாண்டிவிடும், அல்லது எதையோ உளறும். அம்மா காதுக்கு அது ‘கெட்டுப்போன டேப்லெட்’.

முதல் படி, குரல் தரவை இறக்குவது. செட்டிங்ஸில் ‘உரையிலிருந்து பேச்சு’ என்ற பகுதிக்குப் போய், எஞ்சினின் பல்சக்கரக் குறியைத் திறந்து, தமிழ், மலையாளம், இந்திய ஆங்கிலம் மூன்றையும் வைஃபையில் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். இறக்காத குரல் தோட்டத்தில் சிக்னல் போன நேரத்தில் கைவிடும்.

இரண்டாம் படி, குரலை மாற்றும் வழியைக் கைக்கு எட்டச் செய்வது. டாக்பேக்கில் ‘வாசிப்புக் கட்டுப்பாடுகள்’ என்று ஒரு வரிசை உண்டு. மூன்று விரலால் மேலோ கீழோ தள்ளினால் எழுத்து, சொல், வரி, தலைப்பு, இணைப்பு, பேச்சு வேகம் என்று ஒவ்வொன்றாக மாறும். தேர்ந்ததை ஒரு விரலால் மேலே கீழே தள்ளி இயக்கலாம். முன்னிருப்பாக இந்த வரிசை நீளம், தேடுவதற்குள் மறந்துவிடும். டாக்பேக் செட்டிங்ஸில் வாசிப்புக் கட்டுப்பாடுகளைத் திருத்தும் பக்கத்துக்குப் போய் நான்கை மட்டும் விட்டு மற்றதை எடுத்தாயிற்று: எழுத்து, தலைப்பு, பேச்சு வேகம், மொழி. இப்போது மொழிக்குப் போக அதிகபட்சம் மூன்று தள்ளு. விரல் தள்ளாடினால் ‘ட’ வரைந்து மெனுவிலும் பேச்சு மொழியை மாற்றலாம்.

மலையாளம் பேசத் தொடங்கியது. பென்ஷன் மஸ்டரிங்குக்கு (உயிரோடு இருப்பதைப் பதிவதற்கு) அக்‌ஷயா இ-சேவை மையத்துக்கு வரச் சொன்ன அறிவிப்பு, ஆழியாற்றுத் தண்ணீர் திறக்கும் நாள், மாட்டுத் தடுப்பூசி முகாம். கண் நன்றாக இருந்த காலத்தில் இந்த அறிவிப்புகளை அவர் ஒருநாளும் தானே வாசித்ததில்லை, எழுத்து தெரியாது. யாராவது வாசித்துச் சொல்ல வேண்டும். இப்போது பார்வை போன பிறகு மலையாளம் வாசிக்கிறார்.

ஆனால் அடுத்த நாளே புதிய சிக்கல். மலையாளக் குரலில் செய்தி கேட்டு முடித்தார், முகப்புக்கு வந்தார், மறுபடியும் மௌனம். டேப்லெட்டின் மெனுக்கள் எல்லாம் தமிழில். மலையாளக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மொழியை மறுபடி மாற்றலாம் என்றால், எந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறோம் என்று சொல்லும் வாசகமே தமிழில் இருப்பதால் அதுவும் ஒலிக்கவில்லை. வழி கேட்கவும் ஆளில்லாத முட்டுச்சந்து. வால்யூம் பட்டன் இரண்டையும் மூன்று விநாடி அழுத்தி டாக்பேக்கை அணைத்துப் போட்டாலும் குரல் மாறவில்லை.

தீர்வு கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். டேப்லெட்டின் மொழியை ஆங்கிலமாக்கி, குரலைத் தமிழாக விட்டது. தமிழ்க் குரலுக்கும் மலையாளக் குரலுக்கும் பொதுவாகத் தெரிந்த எழுத்து ஆங்கிலம் ஒன்றுதான். எந்தக் குரலில் சிக்கிக்கொண்டாலும் மெனு பேசும். ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கு ஆங்கில மெனுவா என்று பேத்தி தயங்கினாள். உண்மையில் பேக், ஹோம், செட்டிங்ஸ், சர்ச், கால், சென்ட் என்ற சொற்கள் அம்மாவுக்குப் புதிதல்ல. ‘மேலோட்டப் பார்வை’, ‘அணுகல்தன்மை’ என்ற மொழிபெயர்ப்புகள்தான் புதிது. மகன் போனில் வழி சொல்லும்போதும் “செட்டிங்ஸுக்குப் போங்க” என்றுதான் சொல்வான், ‘அமைப்புகள்’ என்று சொல்வதில்லை. பயிற்சிக் கையேடுகள் தாய்மொழி மெனுவையே பரிந்துரைக்கும். ஒரே எழுத்து புழங்கும் ஊருக்கு அது சரி. இரண்டு இந்திய எழுத்து கலந்து வரும் எல்லைப்பக்கத்தில் அது பொறி. ஆந்திர எல்லையில் நகரியிலும் புத்தூரிலும் தமிழோடு தெலுங்கு கலந்து வருகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

எழுத்தைப் பார்த்துத் தானே குரலை மாற்றும் எஞ்சின்களும் இடைநிலைச் செயலிகளும் இருக்கின்றன. ஒழுங்காக மொழிக் குறி இட்ட இணையப் பக்கங்களிலும் குரல் தானாக மாறக்கூடும். வாட்ஸ்அப் செய்தியில் அப்படிக் குறி எதுவும் வராது. தானியங்கி மாற்றத்தில் ஒவ்வொரு முறையும் சின்னத் தாமதம் ஏற்படும், கலப்பு வாக்கியத்தில் குரல் மாறி மாறி வந்து காது களைக்கும். கையால் மாற்றப் பழகிய பிறகு வேண்டுமானால் அதற்குப் போகலாம்.

எண்கள்

சொசைட்டி மெசேஜில் லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்என்எஃப் (கொழுப்பு அல்லாத திடப்பொருள்), ரூபாய் என்று ஒரே வரியில் வரும். 4.1 என்பது காதில் 41 ஆக விழுந்தால் ஒரு நாள் தூக்கம் போகும். சந்தேகம் வந்தால் வாசிப்புக் கட்டுப்பாட்டை ‘எழுத்து’க்கு வைத்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக் கேட்க வேண்டும், புள்ளியைப் ‘புள்ளி’ என்றே சொல்லும். ஆறு இலக்க ஓடிபியும் அப்படித்தான். குரல் அதை “நான்கு லட்சத்து எண்பத்திரண்டாயிரத்து...” என்று படிக்கத் தொடங்கும், அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

பேசாவிட்டால் பார்க்கும் வரிசை

வீட்டில் யாரும் இல்லாதபோது அம்மாவே செய்ய வேண்டியது என்பதால் எளிதானது முதலில். திரையில் விரலை வைத்துத் தடவியபடியே வால்யூம் மேல் பட்டனை நாலைந்து முறை அழுத்துவது. டாக்பேக்கின் ஒலி பாட்டின் ஒலியிலிருந்து தனி, பேசிக்கொண்டிருக்கும்போது அழுத்தினால்தான் அது ஏறும். ‘டிக்’ மட்டும் கேட்டுப் பேச்சு இல்லையென்றால் கட்டம் நகர்கிறது, குரல்தான் சிக்கியிருக்கிறது. அப்போது மொழியை மாற்ற வேண்டும். ‘டிக்’கும் இல்லையென்றால் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி. கவரைக் கழற்றி மாட்டும்போது இந்த இரண்டும் தானாக அழுந்தி டாக்பேக் அணைவது சகஜம். பேச்சைத் தெரியாமல் நிறுத்தியிருக்கவும் கூடும். இரண்டு விரலால் ஒருமுறை தட்டினால் பேச்சு நிற்கும், மறுபடி தட்டினால் தொடரும். இதற்கும் மசியாவிட்டால் பவர் பட்டனைப் பிடித்து மீளத் தொடங்குவது.

சில தயாரிப்புகளில் பேட்டரி சேமிப்பு டாக்பேக்கையே பின்னணியில் கொன்றுவிடும். டாக்பேக்குக்கும் குரல் எஞ்சினுக்கும் பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்து வைக்க வேண்டும். இதைக் கண் தெரிந்தவர் ஒருமுறை உட்கார்ந்து செய்தால் போதும்.

தட்டச்சு

முதல் இரண்டு மாதம் தொடவேண்டாம். விசைப்பலகையில் விரலை எடுக்காமல் தடவி, வேண்டிய எழுத்து ஒலித்ததும் விரலை எடுத்தால் அது பதியும். ஆங்கிலத்துக்கு இது சுமார். தமிழில் மெய்யைப் போட்டு உயிர்க்குறியைத் தேடி, கொக்கிகளின் பெயரைக் கேட்டுப் புரிந்து சேர்ப்பது பொறுமைக்குச் சோதனை. அம்மா குரல் பதிவு அனுப்புகிறார், அதுவே போதும். எழுத்தே வேண்டுமென்றால் மைக் பட்டன். ஆனால் ஸ்பீக்கரில் டாக்பேக் பேசுவதையும் மைக் சேர்த்து எழுதிவிடும். இயர்போன் மாட்டிக்கொண்டால் அது நிற்கும். இயர்போன் இருக்கும்போது கடவுச்சொல்லின் எழுத்தையும் காதில் சொல்லும், இல்லாவிட்டால் புள்ளி என்று மட்டும் சொல்லும்.

எட்டாவது வாரம்

வாட்ஸ்அப் திறந்து வார்டுக் குழுவை வாசிப்பது, மொழி மாற்றுவது, சொசைட்டிக் கணக்கைச் சரிபார்ப்பது, வரும் அழைப்பை எடுப்பது எல்லாம் துணையில்லாமல் நடக்கிறது. தமிழ்ச் செய்தித் தளங்களில் ‘தலைப்பு’ கட்டுப்பாட்டை வைத்து விளம்பரங்களைத் தாண்டித் தாண்டி வாசிக்கிறார். பேச்சு வேகத்தை இரண்டு முறை கூட்டியாயிற்று. பெயரில்லாத பட்டன் என்று டாக்பேக் சொல்லும் இடங்களுக்கு மெனுவிலிருந்து பேத்தி பெயர் சேர்த்துக் கொடுத்தாள்; சிலவற்றில் அந்த வசதி வரவில்லை, செயலியை எழுதியவர்கள் உள்ளே அடையாளம் வைக்காமல் விட்டிருந்தால் சேர்க்க முடியாது.

பணம் அனுப்புவது நடக்கவில்லை. யுபிஐ சிம்மோடு பிணைக்கப்பட்டது. பேங்கில் பதிந்த எண்ணின் சிம் மகனின் பழைய போனில் இருக்கிறது, டேப்லெட்டில் போட்டிருப்பது வேறு சிம். எண்ணை மாற்ற பேங்குக்கு ஒரு நடை போக வேண்டும்.

பிடிஎஃப் ஒரு தனி வழக்கு. தாளைப் படமெடுத்துச் செய்த பிடிஎஃபில் எழுத்தே இல்லை, படம்தான்; டாக்பேக் ஒன்றும் சொல்லாது. அதைவிட ஏமாற்றுவது பழைய எழுத்துருவில் செய்தது. பாமினி எழுத்துருவில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல் உள்ளுக்குள் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்றுதான் இருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், காதுக்கு ஆங்கில உளறல். மலையாளத்தில் எம்எல்-டிடி கார்த்திகா போன்ற எழுத்துருக்களும் இதே வகை. அலுவலக ஆணைகள் இன்னும் அவற்றில் வருவதுண்டு. குரலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. கண் தெரிந்தவர் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கலாம், அல்லது அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் எழுத்தாக்கிக் கேட்கலாம். இரண்டாவதை அம்மா தனியாகச் செய்யும் நிலை இன்னும் வரவில்லை.

வார்டுக் குழுவில் அறிவிப்பைத் தாளாக ஒட்டிப் படமெடுத்துப் போடுகிறார்கள். அடியில் இரண்டு வரி தட்டச்சு செய்துவிடுங்கள் என்று அம்மா மலையாளத்தில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். மறுவாரத்திலிருந்து தடுப்பூசி அறிவிப்பு எழுத்தாக வருகிறது. தண்ணீர் திறக்கும் அறிவிப்பு இன்னும் படம்தான்.